மூன்று விநாடி எங்கிருந்து வந்தது?

(நம் சங்கத்தின் புனே கிளையில் நடைபெற்ற அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



காரியதரிசி எனக்கு ஃபோன் செய்து, "முப்பது வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனியில இருந்தேளே, அதைப் பத்தி அரை மணி பேசுங்கோ. ஆனா ஒண்ணு, கேக்கறவாளுக்குப் புரியணும்" என்றார். அந்த இரண்டாவது நிபந்தனைதான் கஷ்டம். நான் முப்பது வருஷம் என்ன வேலை செய்தேன் என்பது என் சகதர்மிணிக்கே இன்றுவரை தெரியாது. யாராவது கேட்டால், "பெங்களூர்ல கம்ப்யூட்டர்ல இருக்கார்" என்பாள், என்னவோ நான் அதற்குள்ளே குடித்தனம் நடத்துவது மாதிரி.

ஆகையால் முப்பது வருஷத்தையும் சொல்லப்போவதில்லை. ஒரே ஒரு தவறைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பெட்டிக்குள் இருந்த தவறு. அதை எப்படித் திருத்துவது என்று 2011-ல் பத்து நாள் வாதம் செய்தோம். அந்த வாதத்தில் நான் பாதி தோற்றேன். இத்தனை வருஷத்தில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அந்தப் பத்து நாள்தான்.

முதலில் கொஞ்சம் பூர்வகதை. நம் அகத்தில் இண்டர்நெட் பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு கேபிள் வருகிறது அல்லவா? முனையில் டெலிஃபோன் பின் மாதிரி, ஆனால் சற்று அகலமாக இருக்கும். அதற்குள் எட்டு கம்பிகள், நாலு ஜோடி. அந்தக் கம்பியில் செய்தி மூன்று வேகத்தில் போகலாம் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 10 மெகாபிட், 100 மெகாபிட், 1000 மெகாபிட். பத்து 1980-களில் வந்தது. நூறு 1995-ல் தரநிலையாயிற்று. செப்புக் கம்பியில் ஆயிரம் 1999-ல் வந்தது. பழையதும் புதியதும் இன்றும் ஒரே மாதிரி பின்னில்தான் மாட்டுகின்றன. அதுதான் அதன் அழகு, சங்கடமும் அதுதான்.

ஒரு முனையில் பழைய யந்திரம், மறுமுனையில் புதிய யந்திரம். எந்த வேகத்தில் பேசுவது? கச்சேரி ஆரம்பிப்பதற்கு முன்னால் மேடையில் என்ன நடக்கிறது? பாடகர் சுருதியைச் சொல்லுகிறார். தம்பூரா சேர்க்கிறார்கள், மிருதங்கக்காரர் தட்டிப் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறார், வயலின்காரர் பிருடையைத் திருகுகிறார். அதன் பிறகுதான் வர்ணம். இந்தக் கம்பியிலும் அதேதான். மாட்டின உடனே இரண்டு பக்கமும், சுமார் பதினாறு மில்லிவிநாடிக்கு ஒரு தடவை, சின்னச் சின்னத் துடிப்புகளை ஒரு கொத்தாக அனுப்பும். ஒரு கொத்தில் 17 முதல் 33 துடிப்பு வரை இருக்கும். "எனக்கு 10 தெரியும், 100 தெரியும், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசவும் தெரியும்" என்று அதில் சொல்லிவிடும். அந்தப் பக்கமும் தன் பட்டியலைச் சொல்லும். இரண்டு பட்டியலிலும் பொதுவாக இருப்பதில் எது உயர்ந்ததோ அதை எடுத்துக்கொள்வார்கள். இதற்கு ஆட்டோ நெகோஷியேஷன் என்று பெயர். நான் பேச்சுவார்த்தை என்றே சொல்லுகிறேன். இதெல்லாம் பெரும்பாலும் ஓரிரண்டு விநாடியில் முடிந்துவிடும், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது.

பேச்சுவார்த்தையை நடத்துவது ஒரு சின்ன சிப். முடிவை அது தன் குறிப்புப் புத்தகத்தில் கட்டம் கட்டமாக எழுதி வைக்கும். அந்தக் குறிப்பைப் படித்து, "ஐயா, நூறு என்று முடிவாயிற்று, நீங்களும் அதே காலப்பிரமாணத்தில் பேசுங்கள்" என்று பெட்டியின் மற்ற பாகத்துக்குச் சொல்லும் சாஃப்ட்வேருக்குத்தான் டிரைவர் என்று பெயர். கார் ஓட்டுகிற டிரைவர் மாதிரிதான். முதலாளி எங்கே போகவேண்டும் என்று சொல்லுவார், கியர் எப்போது மாற்றுவது என்பது டிரைவரின் கவலை. நான் எழுதிக்கொண்டிருந்தது இந்த டிரைவர்களைத்தான்.

இனிமேல் கதை. எங்கள் கம்பெனி சின்ன ஊர்களில் இருக்கும் வங்கிக் கிளைகளுக்காக ஒரு பெட்டி செய்தது. எந்த வங்கி, எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். பெட்டிக்குள் லினக்ஸ். கிளையிலுள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஸ்விட்ச் என்கிற இன்னொரு பெட்டி வழியாக எங்கள் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து தலைமை அலுவலகத்துக்குப் போகும். இரண்டு வருஷம் நன்றாக ஓடிற்று. பிறகு ஒரு புகார் வர ஆரம்பித்தது. கரண்ட் போய் வந்த பிறகு சில சமயம் கிளை ஊமையாகிவிடுகிறது. விளக்கு என்னவோ பச்சையாக எரிகிறது. ஒரு செய்தியும் போகவில்லை, வரவில்லை. கேபிளை எடுத்து மறுபடி மாட்டினால் சரியாகிவிடுகிறது.

"கேபிளை எடுத்து மாட்டினால் சரியாகிறதே, அப்புறம் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் ஆறு மாசம் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் பெட்டி பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. சாவி சர்வீஸ் என்ஜினியரிடம். மலைப்பக்கத்தில் ஒரு கிளைக்கு அவர் பஸ் பிடித்துப் போக ஆறு மணி நேரம் ஆகும். ஒரு மாசக் கடைசியில், பென்ஷன் கொடுக்கிற நாளில், அங்கே கரண்ட் போய் வந்தது. காலையில் வந்த பெரியவர்கள் சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, மறுநாள் வரச் சொன்னதும் எழுந்து போயிருக்கிறார்கள். அதைச் சொன்னவர் அந்த சர்வீஸ் என்ஜினியர். "சார், ஒரு கேபிளைப் பிடுங்கி மாட்டறதுக்கு ஆறு மணி நேரம் பஸ்ல போனேன். நான் போறதுக்குள்ள எல்லாரும் போயிட்டாங்க. ஒரு பாட்டி மட்டும் வாசப்படியில உக்காந்திருந்தாங்க, ஊருக்குக் கடைசி பஸ் போயிடுச்சாம்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தவறு என்ன என்று தேடினோம். கண்டுபிடித்தது சேலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம்தான் ஆகியிருந்தது. சிப்பின் குறிப்புப் புத்தகத்தில் "இணைப்பு வந்துவிட்டது" என்பதற்கு ஒரு கட்டம், "வேகம் இவ்வளவு" என்பதற்கு ஒரு கட்டம், "பேச்சுவார்த்தை முடிந்தது" என்பதற்கு ஒரு கட்டம். எங்கள் டிரைவர் முதல் கட்டத்தைப் பார்க்கும், உடனே இரண்டாவது கட்டத்தைப் படிக்கும். மூன்றாவதைப் பார்ப்பதே இல்லை. வேகக் கட்டம் நிரம்பச் சற்று நேரம் ஆகும் என்பதையும் அது யோசிக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. வேகத்தை எழுத இரண்டு இலக்கம். ஆயிரத்துக்கு ஒன்று-பூஜ்யம். நூறுக்குப் பூஜ்யம்-ஒன்று. பத்துக்குப் பூஜ்யம்-பூஜ்யம். சரி, இன்னும் ஒன்றுமே எழுதப்படாத காலிக் கட்டத்தில் என்ன இருக்கும்? அதுவும் பூஜ்யம்-பூஜ்யம்தான்! ஆக, "வேகம் பத்து" என்பதற்கும், "எனக்கு இன்னும் தெரியாது" என்பதற்கும் ஒரே எழுத்து. டிரைவர் அவசரப்பட்டுப் போய்ப் பார்த்தது, காலியாக இருந்தது, பத்து என்று படித்துக்கொண்டது. சிப்போ அரை விநாடி கழித்து நூறு என்று முடிவு செய்துவிட்டது. பெட்டியின் ஒரு பாதி பத்திலும், மறுபாதி நூறிலும். பாடகர் விளம்பத்தில் பாட, மிருதங்கம் துரிதத்தில் போனால் கேட்பவர்களுக்கு என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. விளக்கு மட்டும் பச்சை.

அந்த டிரைவரை எழுதியவன் யார் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். அடியேன்தான்.

திருத்துவது எப்படி? கூட்டம் போட்டோம். மூன்று யோசனைகள் வந்தன.

முதல் யோசனை, வாடிக்கையாளர் தரப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மூத்த அதிகாரியுடையது. "பேச்சுவார்த்தையே வேண்டாம். நூறு என்று அடித்து நிறுத்திவிடுங்கள். எல்லாக் கிளையிலும் நூறுதானே?" பார்ப்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு குழி இருந்தது. அதை நான் 1990-களின் கடைசியில் வேறொரு இடத்தில் விழுந்து தெரிந்துகொண்டிருந்தேன். நீங்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டால், எதிர்ப்பக்கம் உங்களிடமிருந்து கம்பியில் வரும் சைகையைப் பார்த்து வேகத்தை மட்டும் ஊகித்துவிடும். ஆனால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசலாமா கூடாதா என்பதை ஊகிக்க வழியில்லை. தெரியாதபோது "ஒருவர் மாற்றி ஒருவர்" என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி.

ஒரு பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கரையில் இருப்பவர் இது இருவழிப் பாலம் என்று நினைக்கிறார், எதிரே வண்டி வந்தாலும் தன் வண்டியை விடுகிறார். அந்தக் கரையில் இருப்பவர் ஒருவழிப் பாலம் என்று நினைக்கிறார், எதிரே வண்டி வந்தால் மோதல் என்று முடிவு செய்து தன் வண்டியைப் பின்னால் எடுத்துவிடுகிறார். ஒன்றிரண்டு வண்டிகள் போகும்போது ஒன்றும் தெரியாது. திருவிழாக் கூட்டம் வரும்போது பாலமே நின்றுவிடும். சோதனை செய்பவர் ஒரு சின்னச் செய்தி அனுப்பிப் பார்ப்பார், போகும். "சரியாகிவிட்டது" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குத் திரும்புவார். மறுநாள் கணக்கு முடிக்கும் நேரத்தில் கிளை தவழ ஆரம்பிக்கும். முற்றிலும் ஊமையான பெட்டியையாவது புகார் செய்வார்கள். தவழுகிற பெட்டியை விதி என்று ஏற்றுக்கொண்டுவிடுவார்கள். இந்த யோசனை அன்றே விழுந்தது. என் அனுபவத்துக்கு அன்று நல்ல மரியாதை கிடைத்தது. அதுதான் அப்புறம் என்னைக் கெடுத்தது.

இரண்டாவது யோசனை என்னுடையது. இணைப்பு வந்தவுடன் படிக்காமல், மூன்று விநாடி பொறுத்திருந்து படிக்கலாம். ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், இன்று சாயங்காலமே அனுப்பிவிடலாம் என்றேன். என் மேஜையில் பெட்டியை வைத்து இருபது தடவை பார்த்தேன், இருபது தடவையும் சரியாக வந்தது.

மூன்றாவது அந்தப் பெண்ணுடையது. "பேச்சுவார்த்தை முடிந்தது என்ற கட்டத்தைப் பார்க்கலாம் சார். அது வரும்வரைக்கும் வேகம் தெரியாது என்றே சொல்லலாம். தெரியாதபோது இணைப்பு வந்துவிட்டதாகவே அறிவிக்க வேண்டாம்." இதற்கு நாற்பது வரி மாற்ற வேண்டும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "ஏம்மா, இந்த மாதிரி சிப்புகளோட நான் பழக ஆரம்பிச்சப்போ நீ ரெண்டாங்கிளாஸ் படிச்சிண்டிருந்திருப்பே" என்றேன். அறையில் இரண்டு பேர் என்னோடு சேர்ந்து சிரித்தார்கள். அவள் முகம் சிவந்தது. ஆனால் உட்காரவில்லை. "நீங்க சொல்றது சரியா இருக்கலாம் சார். ஒரே ஒரு சந்தேகம். அந்த மூணு செகண்ட் எங்கிருந்து வந்தது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று என்பது ஒரு நல்ல எண், அவ்வளவுதான். இரண்டு கம்மி என்று தோன்றிற்று, ஐந்து ஜாஸ்தி என்று தோன்றிற்று. "அனுபவம்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தை முடித்தேன்.

நம் நியாய சாஸ்திரத்தில் விவாதத்தை மூன்று வகையாகச் சொல்லியிருக்கிறார்கள். உண்மை எது என்று தெரிந்துகொள்வதற்காக இரு தரப்பும் செய்வது வாதம். ஜெயிப்பதற்காகச் செய்வது ஜல்பம். தனக்கென்று ஒரு கட்சியே இல்லாமல் எதிராளி சொல்வதை எல்லாம் மறுத்துக்கொண்டே போவது விதண்டை. விதண்டாவாதம் என்ற வார்த்தை நம் வீடுகளில் சர்வ சாதாரணமாகப் புழங்குகிறது, பெரும்பாலும் எதிராளியைக் குறித்து. அன்றைக்கு நான் செய்தது ஜல்பம். மறுநாள் அவள் எழுதிய நாற்பது வரியில் கமாவையும் புள்ளியையும் குறை சொன்னேன், அது விதண்டை. வாதத்தை அவள் மட்டும்தான் செய்துகொண்டிருந்தாள்.

அவள் என்னிடம் திரும்ப வந்து வாதாடவில்லை. ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு அரதப் பழசான ஸ்விட்சை எடுத்து வந்தாள். கிளைகளில் இருப்பது அந்த ரகம்தான், என் மேஜையில் இருந்தது புத்தம் புதிது. அதையும் எங்கள் பெட்டியையும் ஒரே டைமரில் இணைத்து, ராத்திரி முழுக்க கரண்டை நிறுத்திப் போட்டு நிறுத்திப் போட்டு வேகத்தைக் குறித்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். உள்ளே ஓடியது என்னுடைய மூன்று விநாடித் திருத்தம். காலையில் பட்டியலை என் மேஜையில் வைத்தாள். நீளமான பட்டியல். எல்லாம் நூறு, நூறு, நூறு. மூன்று இடத்தில் மட்டும் பத்து. பழைய ஸ்விட்ச் சில சமயம் தூங்கி எழுந்து பதில் சொல்ல என் மூன்று விநாடியைவிட அதிகம் எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஒன்றுமே மாற்றாமல் விட்டிருந்தால்கூட அந்தத் தவறு அடிக்கடி வந்து யாராவது ஒருநாள் சரியாகத் திருத்தியிருப்பார்கள். என் திருத்தம் அதை அபூர்வமாக்கியிருக்கும். அபூர்வமான தவறைத்தான் பிடிக்கவே முடியாது. "எப்பவாவது வரும் சார், கேபிளைப் பிடுங்கி மாட்டினா போயிடும்" என்று இன்னும் பத்து வருஷம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்த மலைக்கு பஸ் ஏறிப் போகிறவர் வருஷத்துக்கு ஒருமுறை ஏறிக்கொண்டே இருப்பார்.

அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் நான் அவள் எழுதியதை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். குறை கண்டுபிடிப்பதற்காக அல்ல, புரிந்துகொள்வதற்காக. அப்படிப் படித்தபோதுதான் நிஜமான ஒரு குறை கண்ணில் பட்டது.

சில கிளைகளில் யாரோ எப்போதோ, இந்தத் தொந்தரவு தாங்காமல், முதல் யோசனையைத் தாங்களாகவே செய்துவைத்திருந்தார்கள். வேகத்தை நூறு என்று அடித்து நிறுத்தியிருந்தார்கள். அங்கே பேச்சுவார்த்தையே கிடையாது. பேச்சுவார்த்தையே இல்லை என்றால், "முடிந்தது" என்ற கட்டம் எப்போது நிரம்பும்? எப்போதும் நிரம்பாது! அவளுடைய டிரைவர் காத்திருக்கும், காத்திருக்கும், காத்துக்கொண்டே இருக்கும். இன்றுவரை தவழ்ந்துகொண்டாவது இருந்த கிளைகள், திருத்தம் போன அன்றைக்கே மொத்தமாக ஊமையாகிவிடும்.

நான் அவளைக் கூப்பிட்டு இதைக் காட்டினேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை. அவள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஐயையோ, ஆமாம் சார்" என்றாள். அவ்வளவுதான். சமாதானம் சொல்லவில்லை, நான் நினைத்தது வேறு என்று மழுப்பவில்லை. எனக்கு ஒரு ராத்திரியும் ஒரு பட்டியலும் தேவைப்பட்ட காரியத்தை அவள் ஒரு நிமிஷத்தில் செய்தாள். பேச்சுவார்த்தை நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்ப்பது, நிறுத்தப்பட்டிருந்தால் அடித்து வைத்த வேகத்தையே எடுத்துக்கொள்வது என்று ஆறு வரி சேர்த்தோம்.

அதோடு முடியவில்லை. மூன்றாவதாக ஒரு ஆட்சேபணை, தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. அங்கே எல்லாக் கிளைகளின் வேகத்தையும் காட்டும் ஒரு திரை உண்டு. "தெரியாது" என்பதைச் சொல்ல லினக்ஸில் மைனஸ் ஒன்று என்ற எண்ணைக் கொடுப்பது வழக்கம். அந்தத் திரையை எழுதியவர், வேகம் மைனஸில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கம்ப்யூட்டரில் மைனஸ் ஒன்றை, மைனஸே கிடையாது என்று வைத்துக்கொண்டு படித்தால் என்ன வரும் தெரியுமா? 429,49,67,295. அதாவது நானூற்றி இருபத்தொன்பது கோடியே சொச்சம்! சோதனைக்காக ஒரு கிளையில் போட்டுப் பார்த்தபோது, கரண்ட் போய் வந்த சில விநாடிகளுக்கு அந்தச் சின்ன ஊர்க் கிளை உலகத்திலேயே அதிவேகமான கிளையாகத் திரையில் ஜொலித்தது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பயந்து ஃபோன் செய்தார். "நீங்க பழையபடி பத்துன்னே காட்டிடுங்க, எங்க புரோகிராமுக்கு அது பழக்கம்" என்றார்.

இது நியாயமான ஆட்சேபணை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதில் மிகவும் கண்டிப்பானவர். உள்ளே எதை வேண்டுமானாலும் திருத்து, ஆனால் அதை நம்பி வெளியே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் உடையக்கூடாது என்பது அந்தச் சமூகத்தில் முதல் விதி. இதன்படி பார்த்தால் திரைக்காரர் பக்கம்தான் நியாயம். ஆனால் தெரியாததைப் பத்து என்று சொன்னதால்தானே இவ்வளவும் வந்தது? பத்து நாளில் மூன்று நாள் இந்த ஒரு கேள்விக்கே போயிற்று.

முடிவில் செய்தது இதுதான். பெட்டிக்குள்ளே தெரியாது என்றால் தெரியாதுதான், அதில் விட்டுக்கொடுக்கவில்லை. வெளியே திரைக்குச் செய்தி அனுப்பும் இடத்தில், வேகம் தெரிகிறவரை வேகச் செய்தியையே அனுப்புவதில்லை. பொய்யும் சொல்லவில்லை, திரையும் உடையவில்லை. அந்தத் திரையில் சில விநாடி ஒரு கட்டம் காலியாக இருக்கும், அவ்வளவுதான். திருத்தம் எல்லாக் கிளைகளுக்கும் போயிற்று. அந்த சர்வீஸ் என்ஜினியர் அப்புறம் மலைக்குப் போனது ஒரே தடவை, பூட்டை எண்ணெய் போட்டுத் துடைக்க.

இந்தக் கேள்வி எங்களுக்கு மட்டும் வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2017-ல் லினக்ஸிலேயே இதே மாதிரி ஒன்று நடந்தது. இரண்டு மூன்று கேபிள்களைச் சேர்த்து ஒன்றாகப் பாவிக்கும் பாண்டிங் என்ற பகுதி அதில் உண்டு. அங்கே ஒரு திருத்தம் வந்தது. ஒரு கேபிளின் வேகம் தெரியவில்லை என்றால், அது இறங்கிவிட்டதாகவே எடுத்துக்கொள் என்பது அதன் சாரம். நல்ல எண்ணம்தான். ஆனால் தங்கள் வேகத்தைச் சொல்லவே தெரியாத சில நெட்வொர்க் கார்டுகள் இருந்தன. அவை நன்றாக உழைத்துக்கொண்டிருந்தும் "செத்துப்போனவை" என்று ஒதுக்கப்பட்டன. ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று என்று மாற்றுக்கு மட்டும் வைத்திருக்கும் ஏற்பாட்டில் வேகமே தேவையில்லை, அங்கேயும் ஒதுக்கப்பட்டன. அதே வருஷம் மறுபடி திருத்தினார்கள். எந்த ஏற்பாட்டுக்கு வேகம் அவசியமோ அங்கே மட்டும் அதைக் கேள், மற்ற இடத்தில் தெரியாவிட்டால் பாதகமில்லை என்று. "தெரியாது" என்பதைப் பத்து என்று படிப்பது எப்படித் தவறோ, "இல்லை" என்று படிப்பதும் அப்படியே தவறு. அதை வாசித்த அன்று எங்கள் பழைய பத்து நாள் எனக்கு ஞாபகம் வந்தது.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு நேர்மையாக இருக்காது. இம்மாதிரித் திருத்தங்களில் யார் எழுதியது, யார் பரிசீலித்தது, யார் சோதித்தது என்று பெயர் போட்டு வைப்பது வழக்கம். லினக்ஸில் 2004 முதல் ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் அனுப்புகிறவர் தன் பெயரில் ஒப்பம் வைக்கிறார். எங்கள் மானேஜர், "வாடிக்கையாளருக்குப் போகிறது, உங்கள் பெயரே இருக்கட்டும், சீனியர் அல்லவா" என்றார். நான் மறுக்கவில்லை. "பார்க்கலாம்" என்றேன். ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அன்று ராத்திரி சாப்பிடும்போது என் சகதர்மிணி, "என்ன, ரசத்துல உப்பே போடலை, ஒண்ணும் சொல்லாம சாப்பிடறேளே?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். டிரைவர், ரெஜிஸ்டர் ஒன்றும் அவளுக்குப் புரியவில்லை. கடைசியில், "அந்தப் பொண்ணு பண்ணினதா, நீங்க பண்ணினதா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் காலையில் எழுதியவர் என்ற இடத்தில் அந்தப் பெண்ணின் பெயரையும், பரிசீலித்தவர் என்ற இடத்தில் என் பெயரையும் போட்டு அனுப்பினேன். தவறை முதலில் செய்தவன் என்பதற்கு அங்கே ஒரு இடம் இல்லை. இருந்தால் அதிலும் என் பெயர்தான்.

அவள் இப்போது வேறொரு ஊரில் ஒரு பெரிய குழுவுக்குத் தலைவி. அவளிடம் வேலை செய்யும் ஒரு பையனை ஒருமுறை சந்தித்தேன். "மேடம் எங்க கோடைப் பார்த்தா முதல்ல ஒரு கேள்விதான் சார் கேப்பாங்க, இந்த நம்பர் எங்கிருந்து வந்ததுன்னு" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நம் குழந்தைகளில் பலர் இந்தத் துறையில் இருக்கிறார்கள். அவர்கள் ராத்திரி பத்து மணிக்கு ஃபோனில் யாருடனோ ஆங்கிலத்தில் சண்டை போடுவது கேட்டால் கவலைப்படாதீர்கள். அநேகமாக ஒரு மூன்று விநாடியைப் பற்றியதாகத்தான் இருக்கும். காலையில் காப்பி கொடுக்கும்போது, "ஜெயிச்சியா?" என்று கேட்காமல், "எது சரின்னு தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேளுங்கள்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டதற்குப் பிரதியாக, அகத்துக்குக் கொண்டுபோக ஒரு சின்ன வைத்தியம். மாசா மாசம் 200, 300 மெகாபிட்டுக்குப் பணம் கட்டியும், கேபிள் மாட்டிய கம்ப்யூட்டரில் சோதித்துப் பார்த்தால் எப்போதும் 94, 95-க்கு மேல் ஏறவில்லையா? இண்டர்நெட் கம்பெனிக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். நூறு மெகாபிட்டுக்கு எட்டில் நாலு கம்பி போதும். ஆயிரத்துக்கு எட்டும் வேண்டும். ஒரு கம்பியை எலி கடித்திருந்தாலும், பின்னில் சரியாக உட்காராவிட்டாலும், பல பெட்டிகள் சத்தம் போடாமல் நூறுக்கு இறங்கிக்கொள்ளும். நூறு என்பதில் உறையும் முகவரியும் போக, நம் கையில் கிடைப்பது அந்த 94 சொச்சம்தான். கடையில் ஒரு நல்ல கேபிள் வாங்கி மாற்றிப் பாருங்கள். பல வீடுகளில் வியாதி அதோடு தீர்ந்திருக்கிறது. தீராவிட்டால் என்ன காரணம் என்று என்னைக் கேளுங்கள். தெரிந்தால் சொல்லுகிறேன். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுகிறேன்.

 உள்ளே காப்பி ரெடியாகிவிட்டதாகக் காரியதரிசி ஜாடை காட்டுகிறார். இதில் மட்டும் மூன்று விநாடிகூடப் பொறுக்க வேண்டாம்.